மிச்சிகனில் கார் இன்சூரன்ஸ்: எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி, கான்டனில் ஒரு பிறந்தநாள் விருந்தில் தன் ஃபோனை என்னிடம் நீட்டினார். "அண்ணா, ஏஜென்ட் ஒரு ஃபாரம் அனுப்பியிருக்கார். அடிபட்டா மருத்துவச் செலவுக்கு எவ்வளவு கவரேஜ் வேணும்னு ஆறு கட்டம் இருக்கு. உங்களுக்குத்தான் கம்பெனி ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கே, உங்க குடும்பத்தையே இதிலிருந்து விலக்கிடலாம், பிரீமியம் நல்லா குறையும்னு சொல்றார். போட்டுடவா?"

அவசரப்பட்டுப் போடாதீர்கள் என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன். கேக் வெட்டும் நேரத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை முழுதாக இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் முதல் கட்டத்தில், அதாவது வரம்பில்லாத கவரேஜில், டிக் அடித்திருக்கிறேன். மற்ற கட்டங்கள் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன். படித்துவிட்டு உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நம்மூரிலிருந்து வருபவர்களுக்கு முதலில் ஒன்று பிடிபட வேண்டும். அங்கே விபத்து என்றால் "யார் மேல தப்பு?" என்பதுதான் முதல் கேள்வி. தப்பு செய்தவரின் தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், தீர்ப்பாயம், வருடக்கணக்கில் வழக்கு என்று அது போகும். தவறு பார்க்காமல் கொடுக்கும் தொகை இந்தியச் சட்டத்திலும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் இறப்புக்கு 5 லட்சம், கடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். ஆனால் அது ஒரு முறை கொடுத்து முடித்துவிடும் தொகை. மிச்சிகனில் 1973 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நோ-ஃபால்ட் சட்டம் வேறு வகை. தப்பு யாருடையதாக இருந்தாலும் அடிபட்டவரின் மருத்துவச் செலவை அவரவர் சொந்த இன்சூரன்ஸே கொடுக்கும். பாலிசியில் இந்தப் பகுதிக்குப் பெயர் பி.ஐ.பி. (பர்சனல் இஞ்சுரி புரொடெக்ஷன்). இப்படி எளிதாகப் பணம் கிடைப்பதற்குப் பதிலாக, எதிராளி மேல் வழக்குப் போடும் உரிமையைப் பெருமளவு விட்டுக்கொடுக்க வேண்டும். அதுதான் ஒப்பந்தம். அந்த மருத்துவச் செலவுக்கு அப்போது உச்சவரம்பும் இல்லை, கால வரம்பும் இல்லை. அமெரிக்காவில் இப்படி வாழ்நாள் முழுக்க என்று கொடுப்பது மிக அரிது. ஃபுளோரிடாவில் கட்டாயமான பி.ஐ.பி. வெறும் 10,000 டாலர்தான்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. மிச்சிகனின் பிரீமியம் நாட்டிலேயே அதிகம், அதிலும் டெட்ராய்ட் நகருக்குள் தாங்கவே முடியாத அளவு. காரின் மதிப்பைவிட ஒரு வருட பிரீமியம் அதிகமாக இருந்ததால் இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டியவர்கள் அங்கே ஏராளம். அப்போதைய டெட்ராய்ட் மேயர் மைக் டக்கன் இதை மாற்றச் சொல்லிப் பல வருடங்கள் போராடினார். கடைசியில் 2019 மே 30 அன்று ஆளுநர் கிரெட்சன் விட்மர் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2020 ஜூலை 1க்குப் பிறகு எடுத்த, புதுப்பித்த பாலிசிகளில் அந்த ஆறு கட்டங்கள் வந்தன: வரம்பில்லாதது, 5 லட்சம் டாலர், 2.5 லட்சம், 2.5 லட்சம் எடுத்துக்கொண்டு குடும்பத்தில் சிலரையோ எல்லோரையுமோ விலக்குவது, மெடிக்கெய்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு ஹெல்த் இன்சூரன்ஸ்) இருப்பவர்களுக்கு 50,000, மெடிகேரில் (முக்கியமாக 65 வயது தாண்டியவர்களுக்கான அரசு ஹெல்த் இன்சூரன்ஸ்) இருப்பவர்கள் முழுதாக விலகிக்கொள்வது.

பிரீமியம் எவ்வளவு குறைய வேண்டும் என்பதையும் சட்டமே சொன்னது. வரம்பில்லாததற்குச் சராசரியாக 10 சதவீதம், 5 லட்சத்துக்கு 20, இரண்டரை லட்சத்துக்கு 35, ஐம்பதாயிரத்துக்கு 45, முழுதாக விலகினால் 100. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இந்தச் சதவீதமெல்லாம் பி.ஐ.பி. மருத்துவப் பகுதியின் மேல்தான். மொத்த பிரீமியத்தின் மேல் அல்ல. ஏஜென்ட் "35 பர்சென்ட் குறையும்" என்றால், "மொத்த பில்லில் எத்தனை டாலர் குறையும், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா எழுதி அனுப்புங்க" என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு எத்தனை டாலர் வித்தியாசம் என்ற அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டுதான் எதையும் யோசிக்க முடியும்.

அந்தப் பணம் எதை வாங்குகிறது?

"ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தானே, அதுக்கு கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 2018இல் பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், ஐ-275 நெடுஞ்சாலையில் எங்கள் காரைப் பின்னாலிருந்து ஒருவர் இடித்தார். மனைவிக்குக் கழுத்திலும் தோளிலும் அடி. பெரிய விபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எட்டு மாதம் பிசியோதெரபி போக வேண்டியிருந்தது. ஹெல்த் இன்சூரன்ஸில் வருடத்துக்கு இத்தனை முறைதான் பிசியோ என்று ஒரு வரம்பு இருக்கும். எங்களுக்கு அது மூன்றாவது மாதத்திலேயே முடிந்துபோனது. மிச்சத்தைக் கார் இன்சூரன்ஸ் கொடுத்தது. கிளினிக்குக்குப் போய்வந்த மைல் கணக்குக்கும் பணம் வந்தது. மனைவியால் வீட்டுவேலை செய்ய முடியாமல் ஆள் வைத்ததற்கு, ஒரு நாளைக்கு 20 டாலர் வரை கொடுக்கலாம் என்று சட்டத்தில் இருப்பதே ஒரு நண்பர் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் இன்சூரன்ஸ் நிறுவனம் அதை வாய்திறந்து சொல்லவில்லை. கேட்ட பிறகும் இரண்டு மாதம் இழுத்தடித்தது.

இது கழுத்துவலி. தலையில் அடிபட்டால், தண்டுவடம் முறிந்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் வரம்பில்லாத கவரேஜ். ஆஸ்பத்திரியில் இருக்கும் வரை ஹெல்த் இன்சூரன்ஸ் பெரும்பாலும் கைகொடுக்கும். வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் பிரச்சினை தொடங்குகிறது. படுக்கையில் திருப்பிப் போட, குளிப்பாட்ட, சாப்பாடு ஊட்ட, இரவில் மூச்சுக்குழாயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இதைத்தான் அட்டென்டன்ட் கேர் என்கிறார்கள். சாதாரண ஹெல்த் இன்சூரன்ஸ் எதுவும் இதை வருடக்கணக்கில் கொடுக்காது. மெடிகேரும் கொடுக்காது. சக்கர நாற்காலி போக வீட்டில் சாய்தளம், கதவை அகலப்படுத்துவது, லிஃப்ட் வைத்த வேன், நோயாளிக்காக எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் கேஸ் மேனேஜர், இவையெல்லாம் கார் இன்சூரன்ஸின் பி.ஐ.பி.யில் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மணிக்கு 25 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க ஆள் வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 600 டாலர். வருடத்துக்கு 2,19,000. இரண்டரை லட்சம் கவரேஜ், ஆஸ்பத்திரிக்கு ஒரு டாலர்கூடச் செலவழிக்காமல் இருந்தாலும், பதினான்கு மாதத்தைத் தாண்டாது. ஐந்து லட்சம் இரண்டே கால் வருடம் வரும். அடிபட்டவருக்கு வயது முப்பத்திரண்டு என்றால் அதற்குப் பிறகு? மனைவியோ அம்மாவோ வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டும், இல்லையென்றால் சொத்தையெல்லாம் கரைத்து மெடிக்கெய்டுக்குத் தகுதி பெற வேண்டும். விசாவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அந்த மெடிக்கெய்டு வாசலும் திறக்காது.

முதல் கட்டத்தை எடுத்தாலும் 2019க்கு முன்பு இருந்த அதே பாதுகாப்பு கிடைத்துவிடாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021 ஜூலையிலிருந்து மருத்துவமனைகளுக்கும் பராமரிப்பு நிறுவனங்களுக்கும் கட்டண உச்சவரம்பு வந்தது. மெடிகேரில் விலை நிர்ணயம் இல்லாத சேவைகளுக்கு, 2019 ஜனவரியில் வாங்கிக்கொண்டிருந்த கட்டணத்தில் 55 சதவீதம்தான். அட்டென்டன்ட் கேர் இந்த வகையில்தான் வருகிறது. பாதி வருமானத்தில் நடத்த முடியாமல் பல பராமரிப்பு நிறுவனங்கள் மூடின, அல்லது விபத்து நோயாளிகளை ஏற்பதை நிறுத்தின. படுத்த படுக்கையாக இருந்தவர்கள் பல வருடம் பழகிய பராமரிப்பாளர்களை இழந்து, சக்கர நாற்காலியில் லான்சிங் சட்டமன்றத்துக்கு வந்து முறையிட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்புறம், வீட்டு ஆட்களே பார்த்துக்கொண்டால் வாரத்துக்கு 56 மணி நேரத்துக்கு மட்டுமே பணம் கொடுப்பது இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கட்டாயம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. நம் குடும்பங்களில் அம்மாவோ மனைவியோதான் பார்த்துக்கொள்வார்கள் என்பதால் இந்த விதி நம்மை நேராகத் தாக்கும். அதற்கு மேல் தர நிறுவனம் தனியாக ஒப்புக்கொள்ளலாம், ஆனால் கட்டாயம் இல்லை.

2023 ஜூலை 31 அன்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சட்டம் நடைமுறைக்கு வந்த 2019 ஜூன் 11க்கு முன்பு அடிபட்டவர்களுக்கு இந்தக் கட்டண வரம்பும் 56 மணி நேர வரம்பும் பொருந்தாது, அவர்கள் பழைய பாலிசிக்குப் பணம் கட்டியவர்கள் என்றது. நியாயமான தீர்ப்பு. ஆனால் நாளைக்கு அடிபடும் நமக்கு அது உதவாது. வரம்பு வைத்த கட்டணத்தில் ஆள் கிடைப்பது சிரமம்தான். இருந்தாலும், பணம் வந்துகொண்டிருக்கையில் ஆள் தேடுவதும் பணமே தீர்ந்துபோன பிறகு ஆள் தேடுவதும் ஒன்றில்லை.

"உங்களை விலக்கிடலாம்" என்ற கட்டம்

ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு ஏஜென்ட்கள் அதிகம் காட்டுவது இதைத்தான். அந்தத் தம்பியிடம் காட்டியதும் இதுவே. பாலிசிதாரர் இரண்டரை லட்சம் கவரேஜைத் தேர்ந்தெடுத்து, தகுதியான ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கும் தன்னையும் குடும்பத்தாரையும் பி.ஐ.பி. மருத்துவத்திலிருந்து விலக்கிக்கொள்ளலாம். விலக்கியவர்களுக்கு அந்தப் பகுதி பிரீமியமே இல்லை. சேமிப்பு உண்மையானதுதான்.

இதில் "தகுதியான" என்ற சொல்தான் முக்கியம். ஹெல்த் இன்சூரன்ஸ் கார் விபத்துக் காயங்களை ஒதுக்காமல் கவர் செய்ய வேண்டும். தனிநபர் டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்டும் தொகை, ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். தொடக்கத்தில் அது 6,000 டாலர், அப்புறம் அவ்வப்போது மாற்றுகிறார்கள். சில கம்பெனித் திட்டங்கள் கார் விபத்தை நேரடியாகவே ஒதுக்கிவைத்திருக்கின்றன. எச்.ஆர். வாயால் சொல்வதை நம்பாதீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் கடிதம் வாங்குங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் திட்டம் மாறும்போது மறுபடியும் வாங்குங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் வேலை. எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. லே-ஆஃப் என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் அந்த மாதக் கடைசியோடு அது போய்விடலாம். வேலை போன பிறகும் அதே திட்டத்தில் இருக்கவிடும் கோப்ராவை எடுத்துத் தொடரலாம், ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழு பிரீமியத்தையும் நாமே கட்ட வேண்டும். ஹெல்த் இன்சூரன்ஸ் நின்றதும் 30 நாளுக்குள் கார் இன்சூரன்ஸுக்குத் தெரிவித்து பி.ஐ.பி. மருத்துவத்தைச் சேர்க்க வேண்டும். அந்த 30 நாள் தாண்டிய பிறகு அடிபட்டால் மருத்துவச் செலவுக்கு எதுவும் கிடையாது. வேலை போய், அறுபது நாளுக்குள் வேறு ஸ்பான்சர் தேடி அலையும் ஒருவருக்குக் கார் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டைக் கூப்பிட வேண்டும் என்பது நினைவில் இருக்குமா? மிகவும் கவனமான ஆட்களே அந்த நேரத்தில் தடுமாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் விசாவில் இருப்பவர்கள் யாரும் இந்தக் கட்டத்தின் பக்கம் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

விலக்கிக்கொண்டாலும் எல்லாம் போய்விடாது. சம்பள இழப்புக்கு மூன்று வருடம் வரை 85 சதவீதம், அதற்கு ஒரு மாத உச்சவரம்பு உண்டு. வீட்டுவேலைக்கான அந்த 20 டாலரும் தொடரும். போவது மருத்துவமும் அட்டென்டன்ட் கேரும். மேலே போட்ட கணக்கில் வந்தது முழுக்க அதுதான்.

மெடிக்கெய்டுக்கான 50,000 கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாலிசிதாரர் மெடிக்கெய்டில் இருக்க வேண்டும், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஏதாவது கவரேஜ் இருக்க வேண்டும். வருமானம் மிகக் குறைவான குடும்பம் இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். மெடிகேரில் ஏ, பி இரண்டு பகுதியும் இருக்கும் பெரியவர்கள் முழுதாக விலகும் கட்டம் நம் சமூகத்தில் இனி அதிகம் வரும். இருபத்தைந்து முப்பது வருடம் முன்பு வந்தவர்கள் இப்போது ஓய்வு பெறுகிறார்கள். நிலையான வருமானத்தில் இருக்கும் அவர்களுக்குப் பிரீமியம் பாரம்தான். ஆனால் எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் நீண்டகாலம் பார்த்துக்கொள்ள மெடிகேர் ஆள் அனுப்பாது. அந்த வயதில்தான் ஆள் அதிகம் தேவை. நீண்டகாலப் பராமரிப்புக்குத் தனியாக இன்சூரன்ஸ் வைத்திருக்கும் பெரியவர் விலகிக்கொள்ளலாம். மற்றவர்கள் குறைந்தபட்சம் இரண்டரை லட்சமாவது வைத்துக்கொள்வது நல்லது.

வழக்குப் போடும் உரிமை, நம் மேல் வரும் வழக்கு

"லிமிட் தாண்டினா எதிராளி மேல கேஸ் போடலாமே" என்கிறார்கள். உண்மைதான். பி.ஐ.பி. வரம்புக்கு மேல் போகும் மருத்துவச் செலவைத் தவறு செய்தவரிடம் கேட்கும் உரிமையை 2019 சட்டம் கொடுத்தது. வலிக்கும் வேதனைக்கும் இழப்பீடு கேட்க முன்பு போலவே ஒரு படி தாண்ட வேண்டும்: இறப்பு, நிரந்தரமான கடும் உருக்குலைவு, அல்லது உடலின் முக்கியமான ஒரு செயல்பாடு கடுமையாகப் பாதிக்கப்பட்டிருப்பது. பாதிக்கு மேல் தப்பு நம்முடையது என்றால் வேதனைக்கு எதுவும் கிடையாது.

ஆனால் யாரிடம் வாங்குவது? தவறு செய்தவர் தன் பாலிசியில் பாடிலி இஞ்சுரி கவரேஜை, அதாவது தான் காயப்படுத்தியவருக்கு இழப்பீடு தரும் பகுதியை, எவ்வளவு வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் குறைக்காவிட்டால் அது ஒருவருக்கு இரண்டரை லட்சம், ஒரு விபத்துக்கு மொத்தம் 5 லட்சம். குறைத்தால் ஒருவருக்கு 50,000, ஒரு விபத்துக்கு ஒரு லட்சம் வரை இறங்கலாம். பிரீமியம் குறைக்க நினைப்பவர்கள் பலரும் முதலில் கைவைப்பது இதில்தான். பனியில் வழுக்கி உங்களை இடித்தவரின் பாலிசியில் 50,000தான் இருக்கிறது, அவர் வங்கிக் கணக்கில் எதுவும் இல்லை என்றால், வழக்கில் ஜெயித்தாலும் கைக்கு வருவது அந்த ஐம்பதாயிரம்தான். அதிலும் வக்கீல் பங்கு போகும். நம் பி.ஐ.பி.யைக் குறைத்துவிட்டு முன்பின் தெரியாத ஒருவரின் பாலிசியை நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். நாம் இடித்தால்? எதிராளி இரண்டரை லட்சம் கட்டத்தை எடுத்தவராகவோ, முழுதாக விலகியவராகவோ இருந்தால், வரம்புக்கு மேலான அவருடைய மருத்துவச் செலவு நம் மேல் வரும். 2020க்கு முன் எல்லோருக்கும் வரம்பில்லாத கவரேஜ் இருந்ததால் இந்தப் பயம் கிடையாது. இப்போது உண்டு. நோவையிலோ டிராயிலோ வீடு வாங்கி, 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பைச் சேர்த்து, பிள்ளைகளின் கல்லூரிக்கு எடுத்துவைத்திருக்கும் குடும்பம் பாடிலி இஞ்சுரியை 50,000க்கு இறக்கவே கூடாது. இரண்டரை லட்சத்தை வைத்துக்கொண்டு, முடிந்தால், அந்த வரம்புக்கு மேல் வரும் இழப்பீட்டைக் கொடுக்கும் 10 லட்சம் டாலர் அம்ப்ரெல்லா பாலிசியும் எடுங்கள். கூடவே, இன்சூரன்ஸ் இல்லாதவரோ குறைவாக வைத்திருப்பவரோ இடித்தால் நமக்கு இழப்பீடு தரும் கவரேஜையும் சேருங்கள். அது கட்டாயமில்லை என்பதால் கேட்டால்தான் ஏஜென்ட் சேர்ப்பார்.

சரி, பணத்தை எங்கே மிச்சப்படுத்துவது?

எல்லாவற்றையும் கூட்டச் சொன்னால் பில் எங்கே போய் நிற்கும் என்று கேட்பீர்கள். காயத்துக்கான பகுதியைத் தொடாமல் காருக்கான பகுதியைக் குறையுங்கள். மோதலில் நம் காருக்கு வரும் சேதத்தைக் கொடுக்கும் கொலிஷன் கவரேஜின் டிடக்டிபிளை 500இலிருந்து 1,000 ஆக்கலாம். பத்து வருடப் பழைய காருக்குக் கொலிஷனே வேண்டாம். அது நொறுங்கினால் போகட்டும். நம் மேல் தவறில்லை என்றால், காரை இடித்தவரிடம் 3,000 டாலர் வரை கேட்கலாம். இதை மினி டார்ட் என்பார்கள். முன்பு ஆயிரமாக இருந்ததை இந்தச் சீர்திருத்தம்தான் உயர்த்தியது.

இன்னொரு வழி கோஆர்டினேட்டட் பாலிசி. அடிபட்டால் முதலில் ஹெல்த் இன்சூரன்ஸ் கொடுக்கும், அது கொடுக்காததைக் கார் இன்சூரன்ஸ் கொடுக்கும். வரம்பில்லாத கட்டத்தை இப்படி எடுத்தால் பிரீமியம் குறையும், நீண்டகாலப் பாதுகாப்பும் நிற்கும். நான் எடுத்திருப்பது இதுதான். ஒரு கட்டுப்பாடு உண்டு: ஹெல்த் இன்சூரன்ஸின் நெட்வொர்க்குக்குள் கிடைக்கும் சிகிச்சையை அங்கேயே எடுக்க வேண்டும், இஷ்டத்துக்கு வெளியே போய்விட்டுக் கார் இன்சூரன்ஸிடம் பில் நீட்ட முடியாது. கம்பெனித் திட்டம் கார் விபத்தைக் கவர் செய்யாது என்றால் இந்த வகை வேண்டாம்.

வரம்பில்லாத கட்டத்தை எடுப்பவர்கள் எம்.சி.சி.ஏ. என்ற பொது நிதிக்கும் ஒரு காருக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். பெரிய காயங்களின் செலவை இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் நிதி இது. சீர்திருத்தத்துக்கு முன் வருடத்துக்கு 220 டாலராக இருந்தது, 2020 ஜூலையில் 100 ஆனது. அதற்குப் பிறகு வருடாவருடம் மாறுகிறது. 2022இல் நம் எல்லோருக்கும் காருக்கு 400 டாலர் காசோலை வந்ததே, அது இந்த நிதியில் சேர்ந்திருந்த உபரிதான். அந்தப் பணம் வந்தபோது சந்தோஷப்பட்டேன். அதே நேரத்தில் கட்டண வரம்பால் பராமரிப்பாளர்களை இழந்தவர்களின் செய்தியும் வந்துகொண்டிருந்ததால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை.

பாலிசிக்குள் வராதவர்கள்

நம் காரில் ஏறும் நண்பருக்கு நம் வரம்பில்லாத கவரேஜ் கிடைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். 2019க்குப் பிறகு அப்படி இல்லை. பயணியாக இருப்பவர் முதலில் தன் சொந்தப் பாலிசிக்கோ, கணவன் அல்லது மனைவியின், ஒரே வீட்டில் இருக்கும் உறவினரின் பாலிசிக்கோதான் போக வேண்டும். எதுவுமே இல்லாதவர் மாநிலத்தின் அசைன்ட் க்ளெய்ம்ஸ் திட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே உச்சம் இரண்டரை லட்சம். கார் இல்லாத மாணவர் சாலையைக் கடக்கும்போது அடிபட்டாலும் அதே கதைதான். சொந்தமாகக் கார் வைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் எடுக்காமல் ஓட்டுபவருக்கோ அதுவும் கிடையாது, வேதனைக்கு வழக்குப் போடும் உரிமையும் கிடையாது.

என் மனதை அதிகம் உறுத்துவது ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா. ஆறு மாத விசிட்டர் விசாவில் வரும் அவர்கள் மிச்சிகனில் குடியிருப்பவர்கள் ஆக மாட்டார்கள். மிச்சிகனில் குடியிருக்காத ஒருவர், தன் பேரில் இங்கே பதிவும் இன்சூரன்ஸும் உள்ள கார் வைத்திருந்தால் ஒழிய, நோ-ஃபால்ட் பணம் எதுவும் பெற முடியாது. மகன் முதல் கட்டத்தில் டிக் அடித்திருந்தாலும், பின் சீட்டில் உட்கார்ந்து பான்டியாக் கோவிலுக்குப் போகும் அம்மாவுக்கு அந்தப் பாலிசியிலிருந்து மருத்துவச் செலவு வராது. தவறு செய்த ஓட்டுநர் மேல் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். அந்த ஓட்டுநர் மகனாகவே இருந்தால் நிலைமை இன்னும் சங்கடம். அவர்களுக்கு விசிட்டர் மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கும்போது 50,000 டாலர் உச்சவரம்பு வைத்த மலிவுத் திட்டத்தை எடுக்காதீர்கள். கார் விபத்தை ஒதுக்காத, வரம்பு உயர்ந்த திட்டமாகப் பார்த்து எடுங்கள். கிரீன் கார்டு வாங்கி நம்மோடு நிரந்தரமாக இருக்கும் பெற்றோர் நிலைமை வேறு. அவர்கள் வீட்டு உறவினராக நம் பாலிசிக்குள் வருவார்கள். பாலிசியில் வீட்டிலிருப்பவர்கள் பட்டியலில் அவர்கள் பெயரைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

எந்தக் கட்டத்தை எடுத்திருந்தாலும், அடிபட்டால் ஒரு வருடத்துக்குள் எழுத்தில் க்ளெய்ம் போட வேண்டும். "வலி போயிடும்" என்று காத்திருந்து ஒரு வருடம் கடந்துவிட்டால் வரம்பில்லாத கவரேஜும் உதவாது. சரியான ஆவணம் கொடுத்த 30 நாளுக்குள் நிறுவனம் பணம் தர வேண்டும், தாமதித்தால் 12 சதவீத வட்டி. வேதனைக்கான வழக்குக்கு மூன்று வருடம் அவகாசம். மருத்துவமனைக்குப் போய்வந்த மைல், வீட்டில் யார் எத்தனை மணி நேரம் பார்த்துக்கொண்டார்கள், யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். 2018இல் நாங்கள் எழுதாமல் விட்ட முதல் ஆறு வாரத்துக்கு எங்களுக்குப் பணம் வரவே இல்லை.

அந்தத் தம்பிக்கு இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் சொன்னேன். ஏஜென்ட்டிடம் முதல் கட்டத்துக்கும் நான்காவது கட்டத்துக்கும் டாலர் வித்தியாசத்தை எழுதி வாங்கியிருந்தார். டிடக்டிபிளை ஆயிரமாக்கி, கோஆர்டினேட்டட் எடுத்தால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துபோகிறது என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். மனைவிக்கு இது ஏழாவது மாதம், மார்ச்சில் மாமியார் வருகிறார் என்றார். மாமியாருக்கு எடுக்கவேண்டிய இன்சூரன்ஸைப் பற்றித்தான் அப்புறம் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.